மோட்டாருக்குப் போட்ட குழந்தைப் பூட்டு

1

போனிலிருந்தே மோட்டாரை ஓட்டும் புதுப் பெட்டியை மாட்டிய அன்று மோட்டார் கொட்டகையில் இருந்தவர்கள் மூன்று பேர்: என் அப்பா, எங்கள் ஊர் மோட்டார் மெக்கானிக் ஏழுமலை, கம்பெனியிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்திருந்த ஓர் ஆள். அம்மா இல்லை. நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரைக்குப் போயிருந்தாள். நிலக்காரர் இல்லை. அவர் சென்னையில் இருக்கிறார், குத்தகைப் பணம் வாங்க மட்டும் வருவார். நானும் இல்லை. ஆனால் அன்று நடந்த எல்லாவற்றையும் நடத்தியவன் நான்தான். ஜெர்மனியின் தெற்கே ஒரு நகரத்தில், நான்காம் மாடியில் உட்கார்ந்துகொண்டு, வீடியோவில், "போனை இன்னும் கொஞ்சம் மேல தூக்குப்பா, பெட்டி தெரியல" என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தேன்.

இன்று காலை அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கேக்கின் மேல் ஒரு மெழுகுவத்தி எரிகிற படம். "வாழ்த்துகள்! எங்களோடு ஓராண்டை நிறைவு செய்துவிட்டீர்கள்." கீழே பச்சை நிறத்தில், சந்தாவைப் புதுப்பிக்க ஒரு பட்டன்.

காப்பி ஆறிப்போனது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன்.

2

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. அப்பா கூலி வேலை செய்தவர். ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தது நான் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகுதான். ஊரிலிருந்து கொல்லிக்கு, அதாவது அந்த நிலத்துக்கு, நடந்தால் அரை மணி நேரம். மும்முனை மின்சாரம் ஒரு வாரம் காலையில் வரும், ஒரு வாரம் மத்தியானம் வரும், சில நாள் சொல்லாமல் வந்துவிட்டுச் சொல்லாமல் போகும். வந்ததா இல்லையா என்று பார்க்க நடந்து போக வேண்டும். வரவில்லை என்றால் நடந்து திரும்ப வேண்டும்.

இந்த நடைக்கு ஏழுமலை ஒரு முடிவு கட்டினார். ஒரு சிம் கார்டு போட்ட சின்ன டப்பாவை ஸ்டார்ட்டரோடு இணைத்தார். அந்த சிம்முக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். இன்னொன்று கொடுத்தால் நிற்கும். டப்பாவும் பதிலுக்குக் கூப்பிடும். ஒரு ரிங் வந்து கட் ஆனால் தண்ணீர் வருகிறது. இரண்டு ரிங் என்றால் கரண்ட் இல்லை. மூன்று என்றால் கோளாறு, கிளம்பி வா.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. எண்கள் தெரியும், பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன் தெரியும். அந்த டப்பாவுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. நாங்களும் அப்படித்தான் பேசிக்கொள்வோம். கல்லூரி விடுதியிலிருந்து நான் ஒரு ரிங் கொடுத்தால் சாப்பிட்டுவிட்டேன் என்று அர்த்தம். இரண்டு கொடுத்தால் காசு தீர்ந்துவிட்டது.

"ஒங்கப்பாரு மோட்டாருக்குப் போன் பண்ற அளவுக்கு எனுக்குப் பண்ணியிருந்தா, நான் எப்பவோ நல்லா இருந்திருப்பேன்" என்பாள் அம்மா.

"அது ஒரே ரிங்குல வேலைக்குப் பூடுது. நீ பத்து ரிங்கு அடிச்சாலும் எடுக்கிறியா?" என்பார் அப்பா.

நான்கு வருடம் அது ஓடியது. ஒரு தடவை மழையில் நனைந்தது, ஒரு தடவை எலி வயரைக் கடித்தது. இரண்டு தடவையும் ஏழுமலை வந்து அரை மணியில் சரி செய்தார். அதைக் கழற்றச் சொன்னவன் நான். புதுப் பெட்டிக்கு எக்ஸ்சேஞ்சில் ஐநூறு ரூபாய் தள்ளுபடி தருகிறார்கள் என்று சந்தோஷப்பட்டவனும் நான்.

3

எனக்கு இங்கே வேலை, வீடுகளில் வைக்கிற வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிகளைச் சோதிப்பது. எங்கள் கூட்டங்களில் மனிதர்கள் வருவதில்லை, "பயனர்" வருவார். பயனர் பழைய மாடலை வைத்திருந்தால் அவரை எப்படிப் புதியதற்குத் தள்ளுவது என்று பேசுவோம். வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு பொருளுக்கு இறந்த நாள் குறிப்பது எங்களுக்கு ஒரு மத்தியான வேலை. அதற்கு ஆதரவாக நானும் கையைத் தூக்கியிருக்கிறேன்.

ஆரம்பத்தில் எனக்கு ஒரு ஜெர்மன் சொல் குழப்பம் இருந்தது. ஃப்யூஸுக்கு இங்கே 'ஸிஹெருங்' என்பார்கள். வாஷிங் மெஷினில் குழந்தைகள் பட்டனை அமுக்காமல் இருக்க ஒரு பூட்டு உண்டு, அது 'கிண்டர்ஸிஹெருங்'. ஒரு நாள் என் வீட்டில் மின்சாரம் போய்விட்டது. கட்டடப் பராமரிப்பாளரைக் கூப்பிட்டு, என் கிண்டர்ஸிஹெருங் போய்விட்டது என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "உனக்கு என்ன வயது?" என்று கேட்டார். அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சொல் திரும்பி வந்து என்னைக் கடிக்கும் என்று அப்போது தெரியாது.

புதுப் பெட்டி வந்த முதல் ஏழு மாதம் எனக்குத் திருவிழா. போனில் மோட்டாரின் மின்னழுத்தம் கோடாக ஏறி இறங்கும். எத்தனை லிட்டர் இறைத்தது என்று எண் ஓடும். அப்பா போனிலும் அதே செயலியைப் போடச் சொல்லியிருந்தேன், பச்சையைத் தொட்டால் மோட்டார் ஓடும் என்பது மட்டும் அவருக்குப் போதும். டிராமில் போய்க்கொண்டே பட்டனைத் தொட்டால் மலையடிவாரத்தில் தண்ணீர் கொட்டும். வரப்பில் நிற்கும் அப்பா போன் செய்வார்.

"டேய், நீயா போட்ட?"

"நான்தாம்பா."

"அடப்பாவி, அங்கிருந்தா!" என்று அவர் சிரித்த சிரிப்புக்காகவே அடுத்த நாளும் போடுவேன்.

ஒருமுறை, ஆடு ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் விளையாட்டுக்குப் பட்டனை அமுக்கிவிடுகிறார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னார். உடனே செயலியைத் துழாவினேன். 'சைல்டு லாக்' என்று ஒன்று இருந்தது. போட்டுவிட்டேன். அதன் பிறகு பெட்டியில் இருக்கும் பட்டன் யாருக்கும் வேலை செய்யாது. செயலி வழியாக மட்டும்தான். ஐம்பத்தெட்டு வயது விவசாயியின் மோட்டாருக்குக் குழந்தைப் பூட்டு போட்டுவிட்டு, டிராமில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பெருமைப்பட்டேன்.

4

வெளிநாட்டில் இருந்து எழுதுகிறவர்கள் பிள்ளைகள் விலகிப் போவதைப் பற்றி எழுதுவார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. விலகிப் போன பிள்ளையாகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். மூன்றாம் வகுப்பிலேயே எழுத்து இருக்கிற எதுவும் என்னிடம்தான் வரும். பூச்சி மருந்து டப்பா, ரேஷன் கடை நோட்டீஸ், யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகை. "நீ படிச்சவன், பாத்துச் சொல்லு" என்று அப்பா நீட்டுவார். தெரியாத சொல் வந்தால் நானே ஒன்றைப் போட்டு வாசிப்பேன். அவர் கேள்வி கேட்டதே இல்லை. அந்தப் பழக்கம்தான் எங்கள் இருவரையும் கெடுத்தது. தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்ல நான் பழகினேன், நம்ப அவர் பழகினார்.

5

மாசி மாதம். மக்காச்சோளம் பூ எடுத்து, கதிரில் முடி விடுகிற நேரம். அந்த இரண்டு வாரம் தண்ணீர் தவறினால் கதிரில் மணி பிடிக்காது. இது என் அப்பாவுக்குத் தெரியும், ஏழுமலைக்குத் தெரியும். செயலிக்குத் தெரியாது.

ஒரு காலை அப்பா கூப்பிட்டார். "தம்பி, போன்ல என்னென்னமோ இங்கிலீசுல கேக்குதுடா. பச்சைய காணோம்."

பாதுகாப்புக்காகப் புதுப்பிக்கிறோம் என்று எல்லோரையும் வெளியே தள்ளியிருந்தார்கள். என்னையும் சேர்த்து. பெட்டியில் இருந்த பட்டனும் நான் போட்ட குழந்தைப் பூட்டில் இருந்தது. உள்ளே போக ஓடிபி வேண்டும். ஓடிபி நான் பதிவு செய்திருந்த என் இந்திய எண்ணுக்குப் போகும். அந்த சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளி, அது எப்போதோ செத்துப் போயிருந்தது.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன்.

"சார், ஒரே ஒரு தடவை ஓடிபி போட்டு லாகின் பண்ணிட்டீங்கன்னா போதும் சார்."

"அந்த நம்பர் இப்ப என்கிட்ட இல்லைங்க. வேற நம்பர் மாத்திக் குடுங்க."

"கண்டிப்பா சார். நம்பர் மாத்தறதுக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்க சார்."

"எந்த நம்பருக்கு வரும்?"

"ரெஜிஸ்டர் பண்ண நம்பருக்குத்தான் சார்."

"அதுதான் என்கிட்ட இல்லைன்னு சொல்றேனே."

"புரியுது சார். இப்ப அனுப்பியிருக்கேன். வந்துச்சுங்களா சார்?"

மூன்று நாளில் ஐந்து பேர் இதையே ஐந்து விதமான மரியாதையோடு சொன்னார்கள். கடைசியில் ஒரு படிவம் அனுப்பினார்கள். மின் இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர் கையெழுத்து, அடையாளச் சான்று நகல், ஏழு முதல் பத்து வேலை நாட்கள். நிலக்காரர் போனை எடுக்கவில்லை. சனி, ஞாயிறு வேலை நாளில் வராது. சோளம் சனி, ஞாயிறும் காய்ந்தது.

6

நான்காம் நாள் ஏழுமலை கொட்டகைக்கு வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தார். அப்பா வீடியோவில் என்னைக் கூப்பிட்டார்.

"மாமா, இதுல ஒன்னியும் இல்ல. கம்பெனி சீல ஒடச்சிட்டு நேரா வயரு குடுத்துட்றேன். அஞ்சு நிமிசம்" என்றார் ஏழுமலை.

"ஒடைக்காதீங்க!" என்று கத்தினேன். "வாரண்டி போயிடும். மோட்டார் எரிஞ்சா நிலக்காரருக்கு நாமதான் குடுக்கணும். ரெண்டு நாள் பொறுப்பா, நான் பேசிக்கினு இருக்கேன்."

ஏழுமலை போனுக்குள் எட்டிப் பார்த்தார். "ஏன்டா மாப்ள, வாரண்டி வந்து தண்ணி பாச்சுமா? சொல்லு, நான் மடைய திருப்பி வுட்டுக்கினு நிக்கிறேன்."

அப்பா சிரிக்கவில்லை. "இருடா ஏயுமல. அவன் படிச்சவன். எதுனா காரணம் இல்லாம சொல்ல மாட்டான்."

என்னிடம் இருந்த காரணம், பெட்டி மேல் ஒட்டியிருந்த ஒரு ஸ்டிக்கரில் எழுதியிருந்த வரி. அந்த ஸ்டிக்கரைப் படிக்கத் தெரிந்தது எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன்தான். அன்று கத்தாமல் இருந்திருந்தால் அன்று மத்தியானமே தண்ணீர் பாய்ந்திருக்கும். கம்பெனி மேல் எனக்கு இருக்கும் கோபம் ஒரு பங்கு என்றால், இந்த இடத்தில் என் மேல் இருப்பது இரண்டு பங்கு.

பக்கத்துக் கொல்லிக்காரர் ஒரு நாள் அரை மணி நேரம் தண்ணீர் விட்டார். வாய்க்கால் குடித்தது போக நாலு பாத்திதான் நனைந்தது. அவருக்கும் சோளம்தான், அவருக்கும் அதே மாசி வெயில்தான்.

7

ஆறாம் நாள் எனக்கு நானே போன் செய்தேன். என் பழைய எண்ணைப் போட்டேன். மணி அடித்தது!

"அல்லோ, யாருங்க?" ஒரு பெண் குரல். பின்னால் தோசைக்கல்லில் கரண்டி சுரண்டும் சத்தம்.

என் எண் செத்துப் போய், கைமாறி, வேறொருவரிடம் உயிரோடு இருந்தது. அவசரத்தில் சொன்னேன்: "வணக்கம்மா, நான் ஜெர்மனியிலேர்ந்து பேசறேன். உங்க போனுக்கு இப்ப ஒரு வெரிஃபிகேஷன் கோடு வரும். ஆறு நம்பர். அதை மட்டும் எனக்குச் சொன்னீங்கன்னா..."

"வெய்யி போன! எம்மாந் தெகிரியம்டா ஒனக்கு! போன மாசம் ஒருத்தன் பேங்குலேர்ந்து பேசறேன்னு எம்பையன் துட்ட பூரா தொடச்சிட்டான். இப்ப நீ ஜெர்மனியா? யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதன்னு போன் போட்டாலே தெனம் சொல்றத கேட்டுக்கினு இருக்கேன், என்னையா ஏமாத்துற?"

"இல்லம்மா, அது என்னோட அக்கவுண்ட்டு, அத்தென்டிகேஷனுக்காக..."

"ஒன் அத்தென்டிகேசன எடுத்துக்கினு வா உளுந்தூர்பேட்டைக்கு! திருச்சி ரோட்டுல பச்சையம்மா டிபன் கடைன்னு கேளு. போலீசுக்காரங்க பூரா இங்கதான் சாப்புட்றாங்க. வா, தெகிரியம் இருந்தா வா!"

வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன், போகவில்லை. தடுத்துவிட்டிருந்தார்.

அப்பாவிடம் இதை ஒரு தமாஷாகச் சொன்னேன். அந்தம்மா மிரட்டியதை நடித்தும் காட்டினேன். அப்பா ஒன்றுதான் கேட்டார்: "திருச்சி ரோட்டுல எந்தப் பக்கம்?"

8

ஒன்பதாம் நாள் காலை வீடியோ அழைப்பு வந்தது. படத்தில் ஒரு டிபன் கடை. பெஞ்சில் லாரி டிரைவர்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் துண்டு சுற்றிய நீளமான ஏதோ ஒன்று.

ஊரிலிருந்து கள்ளக்குறிச்சி, அங்கிருந்து வேறு பஸ் பிடித்து உளுந்தூர்பேட்டை. என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்றிருப்பேன். ஆபீஸில் ஏதாவது கேட்பார்கள், காட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்த உலகம். ரேஷன் கார்டு இல்லை, ஆதார் இல்லை, அவர் எடுத்துக்கொண்டு போனது வேரோடு பிடுங்கிய ஒரு சோளப் பயிர். சுருண்ட இலை, வெளுத்த பூ, கருகிய கதிர் முடி, வேரில் செம்மண். இரண்டு பஸ்ஸில் அதை மடியில் படுக்க வைத்து எடுத்துப் போயிருக்கிறார்.

பச்சையம்மா கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பயிரை வாங்கி, கதிர் முடியை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு அப்பாவின் போனைப் பிடுங்கினார்.

"நீதான் அந்த ஜெர்மனியா?"

"ஆமாங்க."

"ஏம்பா, சோளம் காயுதுன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்ட? எங்கம்மா வூட்லயும் சோளந்தான். முடி கருகுதுன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே குடுத்திருக்க மாட்டனா? கோடு, கேசன்னு திருடன் மாதிரி பேசுனா எவ குடுப்பா?"

அவர் சொன்னது உண்மை. அந்த அழைப்பில் நான் எல்லாச் சொல்லையும் சொன்னேன், சோளம் என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. மூன்று நாளில் ஐந்து சேவை ஆட்களிடம் பேசிப் பேசி என் வாயில் அந்த பாஷைதான் மிச்சம் இருந்தது.

முதல் ஓடிபி வந்தபோது, "இருங்க, ரெண்டு பரோட்டா பார்சல்" என்று அவர் திரும்பிய நேரத்தில் காலாவதி ஆனது. இரண்டாவதைக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தார். "நாலு... ரெண்டு... ஏயு... ஏயு..." டிரைவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். உள்ளே போனேன். முதல் வேலையாகக் குழந்தைப் பூட்டை எடுத்தேன். மோட்டாரைப் போட்டேன்.

என் திரையில் பச்சை வந்தது, சொன்னேன். அப்பா அதை நம்பவில்லை. போனை வாங்கி என் அழைப்பைத் துண்டித்தார். பிறகுதான் தெரிந்தது, கொட்டகையில் ஏழுமலையை நிறுத்திவிட்டு வந்திருந்தார். அங்கிருந்து ஒரு ரிங் வந்து கட் ஆன பிறகுதான் அப்பா கடையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டிருக்கிறார். பச்சையம்மா காசு வாங்கவில்லை. அப்பா பஸ் ஸ்டாண்டில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்து கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

கடைசியாகத் தண்ணீர் பாய்ந்து அன்றோடு பதினான்கு நாள். அறுவடையில் பாதிக்கு மேற்பட்ட கதிர்களை உரித்தால் நடுவில் நாலு மணி, நுனியில் இரண்டு மணி, மிச்சம் பொக்கை.

அப்பா ஏழுமலையிடம் சொல்லி அந்தப் பெட்டியை உடைத்தார். ஏழுமலை எங்கிருந்தோ ஒரு பழைய மிஸ்டு கால் டப்பாவைக் கொண்டு வந்து, காசு வாங்காமல் மாட்டினார். அதன் எண்ணைக் கேட்டேன். "ஒனக்கு எதுக்குப்பா" என்றார் அப்பா. கோபமே இல்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

9

இன்று காலை மின்னஞ்சலில் பச்சைப் பட்டனுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத சாம்பல் எழுத்தில், 'சந்தாவை நிறுத்த' என்று இருந்தது. அமுக்கினேன். உங்களை உறுதிப்படுத்த ஓடிபி அனுப்பியுள்ளோம் என்றது.

பத்து நிமிடத்தில் அப்பா கூப்பிட்டார். "டேய், பச்சையம்மா போன் பண்ணிச்சி. ஒம்பையன் மறுபடியும் நம்பரு கேக்கறான், இப்ப இன்னா காயுதுன்னு கேக்குது. இன்னாடா பண்ற?"

"அந்தக் கம்பெனிய நிறுத்தறேம்பா. மொத்தம் எவ்ளோ நஷ்டம்னு கணக்குப் போட்டு எழுதப் போறேன். பேப்பர்லயே போடப் போறேன்."

"போடு. தப்பில்லாம போடு."

பெட்டி எட்டாயிரத்து ஐநூறு. ஒரு வருடச் சந்தா ஆயிரத்து இருநூறு. முப்பத்தாறு மூட்டை வர வேண்டிய இடத்தில் பதினான்கு. போனது இருபத்திரண்டு, மூட்டை இரண்டாயிரத்து நூறு வீதம் நாற்பத்தாறாயிரத்து இருநூறு. உளுந்தூர்பேட்டைக்குப் போக வர பஸ் இருநூறு. வாழைப்பழம் அறுபது. வாசித்துக் காட்டினேன். ஐம்பத்தாறாயிரத்து நூற்று அறுபது.

"வாயப்பயத்த எடுத்துடு" என்றார் அப்பா. "அது நஷ்டத்துல வராது."

எடுத்துவிட்டேன். ஐம்பத்தாறாயிரத்து நூறு ரூபாய்.